பழைய லப்ரொப், ரெண்டு வெப்சைற்: டொக்கர் தேவையோ, அன்சிபிள் தேவையோ?

கேள்வி, 2025 யூன் 8

பழைய ஐ5 லப்ரொப் ஒண்டு சும்மா கிடக்கு. 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஒரு ரியூசன் சென்டருக்குச் செய்யிற வெப்சைற்றையும் (நோட் ஜேஎஸ், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்), வீட்டுப் படங்களைச் சேமிக்க இம்மிச் எண்ட செயலியையும் அதில ஓடவிட யோசனை. ஒரு நண்பர் டொக்கர் (ஒவ்வொரு செயலியையும் கொன்ரெயினர் எண்ட தனிப் பெட்டிக்குள்ள ஓட்டுற கருவி) போடு எண்டுறார். மற்றவர் ஒரு மிசினுக்கு டொக்கரும் அன்சிபிளும் (எழுதிவைச்சபடி மிசினைத் தானா அமைக்கிற கருவி) அலம்பல் எண்டுறார். ஆர் சரி? இடம் யாழ்ப்பாணத் திருநெல்வேலி, பைபர் இணைப்பு. கரண்ட் இடைக்கிடை போகும்.

யூன் 8, இரவு

டொக்கர் வேணும். அன்சிபிளும் வேணும், ஆனா இண்டைக்கே இல்லை. குபெர்னெற்றிஸ் (கன மிசினில கொன்ரெயினர் ஓட்டுற பெரிய அமைப்பு) எண்டு மூண்டாவது நண்பர் வந்தால் தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிடுங்கோ.

மிசின் ஒண்டு எண்டபடியாத்தான் டொக்கர் வேணும். வெப்சைற் ஒரு நோட் பதிப்பைக் கேக்கும், படச் செயலி தனக்கெண்டு வேற ஒரு கூட்டத்தைக் கேக்கும். ரெண்டையும் நேரடியா ஒரே லினக்ஸில போட்டால் ஒண்டை அப்டேட் பண்ண மற்றது விழும். அதோட பழைய லப்ரொப் எப்ப கைவிடும் எண்டு சொல்லேலாது. கொம்போஸ் பைல் (எந்தக் கொன்ரெயினர் எப்பிடி ஓடோணும் எண்டு டொக்கருக்குச் சொல்லுற பைல்), டேட்டா, பாஸ்வேர்ட் பைல் மூண்டும் வேற இடத்தில இருந்தால் இன்னொரு மிசினில பின்னேரத்துக்குள்ள எழுப்பலாம். இல்லாட்டி எந்தக் கொன்பிக்கில எந்த வரியை எப்ப மாத்தினது எண்டு தேடிக்கொண்டு இருக்கோணும்.

டெபியன் லினக்ஸ் போடுங்கோ, டெஸ்க்ரொப் இல்லாமல். டொக்கரை டொக்கரின்ர சொந்த ஏபிரி (டெபியனின்ர மென்பொருள் நிறுவி) களஞ்சியத்தில இருந்து எடுங்கோ. உபுண்டு சேர்வர் நிறுவேக்க ஸ்னாப் (உபுண்டுவின்ர பொதி முறை) வழியா டொக்கர் தரட்டோ எண்டு கேக்கும், வேண்டாம். ஸ்னாப் டொக்கருக்கு ஹோம் போல்டருக்கு வெளியில இருக்கிற பைல்களை எட்டேலாது, பிறகு வொலியூம் (கொன்ரெயினருக்குக் குடுத்த டேட்டா இடம்) ஏன் வெறுமையா இருக்கு எண்டு மண்டை காயும்.

இணையத்தில கிடைக்கிற பழைய பாடங்களில கொம்போஸ் நடுவில ஹைபனோட வரும். அது முதலாம் பதிப்பு, 2023 ஓட ஆதரவு முடிஞ்சுது. இப்ப 'டொக்கர்', ஒரு இடைவெளி, 'கொம்போஸ்'. பைலின்ர முதல் வரியில வேர்சன் 3 எண்டு எழுதுறதும் தேவையில்லை, எழுதினால் எச்சரிக்கை மட்டும் வரும்.

யூன் 9

லப்ரொப்பைப் பற்றிச் சொல்ல விட்டுப்போச்சு.

மூடியை மூடினால் மிசின் தூங்கும். சிஸ்ரம்டியின்ர (லினக்ஸில சேவைகளை ஓட்டுற பகுதி) லொகின்டி.கொன்ப் பைலில ஹான்டில்-லிட்-சுவிட்ச் எண்ட வரியை 'இக்னோர்' ஆக்குங்கோ. 24 மணித்தியாலமும் சார்ஜரில கிடக்கிற பற்றரி 100 வீதத்தில நிண்டால் வீங்கும். திங்பாட் மாதிரி மொடல்களில சார்ஜை 80 வீதத்தில நிப்பாட்ட லினக்ஸிலயே வழி இருக்கு. அது ஏலாத மொடல் எண்டால் மாசத்துக்கு ஒருக்காப் பின்மூடி பொங்கியிருக்கோ எண்டு பாருங்கோ. பொங்கியிருந்தால் பற்றரியைக் கழட்டிப்போட்டு யூபிஎஸ்ஸுக்குப் போங்கோ.

கரண்ட் பில்: 15 வோட்ஸ் எண்டு வைச்சால் 24 மணித்தியாலம், 30 நாளைக்கு 10.8 அலகு. வீட்டுக் கட்டணம் படிப்படியா ஏறுறபடியால் இந்த 11 அலகு உங்கட பில்லின்ர கடைசிப் படியிலதான் விழும். சராசரி விலையால பெருக்கினால் கணக்கு வராது.

யூன் 11

கொம்போஸ் பைலில ஆக்கள் இடறுற இடங்கள். ஒழுங்குபடுத்தேல்லை, ஞாபகம் வந்தபடி.

நோட் கொன்ரெயினருக்குள்ள லோக்கல்ஹோஸ்ட் எண்டால் அது அந்தக் கொன்ரெயினர்தான், லப்ரொப் இல்லை. டேட்டாபேஸ் முகவரியில 127.0.0.1 போட்டால் 'கனெக்சன் ரிபியூஸ்ட்' எண்டு வரும். கொம்போஸ் பைலில டேட்டாபேஸ் சேவைக்கு வைச்ச பெயரைப் போடுங்கோ, 5432 போர்ட்டோட. அந்தப் போர்ட்டை வெளியில திறக்கத் தேவையே இல்லை, ரெண்டு கொன்ரெயினரும் ஒரே உள்வலையிலதான் இருக்கு.

'டிப்பென்ட்ஸ் ஒன்' எண்டு மட்டும் எழுதினால் டேட்டாபேஸ் கொன்ரெயினர் தொடங்கின உடன நோட் தொடங்கும். போஸ்ட்கிரெஸ் ஆயத்தமோ எண்டு பாக்காது. ஹெல்த்செக்கில 'பிஜி-இஸ்ரெடி' போட்டு, கொண்டிசனை 'சேவிஸ் ஹெல்தி' ஆக்கோணும். இன்னொண்டு: ஹெல்த்செக் தோத்தால் டொக்கர் கொன்ரெயினரைத் தானா மறுதொடக்கம் செய்யாது. 'அன்ஹெல்தி' எண்டு எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கும். ரீஸ்ரார்ட் பொலிசி வேலை செய்யிறது உள்ள ஓடுற புரோசஸ் செத்தால் மட்டும்.

போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டை என்விரொன்மென்ட்டில குடுக்கிறது முதல்தரம் டேட்டா போல்டர் வெறுமையா இருக்கேக்க மட்டும்தான் செல்லும். பிறகு அதை மாத்திப்போட்டு எத்தினைதரம் எழுப்பினாலும் பழைய பாஸ்வேர்ட்தான். உள்ள போய் 'ஓல்ற்றர் யூசர்' கட்டளையால மாத்துங்கோ. பாஸ்வேர்டில டொலர் குறி இருந்தால் கொம்போஸ் அதை மாறியின்ர பெயர் எண்டு நினைச்சு விழுங்கும். கொம்போஸ் பைலுக்குள்ள எண்டால் ரெண்டு டொலர் போடுங்கோ, என்வ் பைலில (அந்தப் பாஸ்வேர்ட் பைல்) எண்டால் ஒற்றை மேற்கோளுக்குள்ள வையுங்கோ.

போஸ்ட்கிரெஸ் 16 எண்டு பதிப்பை எழுதுங்கோ, 'லேற்றஸ்ற்' எண்டு விடாதேங்கோ. பெரிய பதிப்பு மாறினால் பழைய டேட்டா போல்டரைப் புதுசு திறக்காது. வொலியூமை /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல்/டேட்டா எண்ட பாதையில மாட்டுங்கோ.

கொம்போஸை நிப்பாட்டுற 'டவுன்' கட்டளையோட '-வி' சேர்த்தால் பெயர் வைச்ச வொலியூமும் போகும். கேள்வி கேக்காது.

யூன் 12

ரியூசன் மாணவர் விவரம் இருக்கிற மிசினில '-வி' எண்டு தட்டுற ஆளுக்குச் சம்பளம் குடுக்கக்கூடாது எண்டு ஒருவர் எழுதியிருக்கிறார். குடுக்கலாம், பக்கப் இருந்தால்.

யூன் 15

பயர்வோல் போட்டால் போதாதோ எண்டு வந்த கேள்விக்கு. யூஎப்டபிள்யூ (லினக்ஸ் பயர்வோல் கருவி) போட்டு 22ஐ (தூரத்தில இருந்து நுழையிற எஸ்எஸ்எச் போர்ட்) மட்டும் திறந்துபோட்டு நிம்மதியா இருக்கிற ஆக்கள் கனபேர். டொக்கர் போர்ட் ஒண்டை வெளியிட்டால் அது ஐபிரேபிள்ஸில (லினக்ஸின்ர உள் பயர்வோல் பட்டியல்) தன்ர விதிகளை நேரடியா எழுதும், வாற பக்கெற் யூஎப்டபிள்யூவின்ர விதிகளைச் சந்திக்காமலே கொன்ரெயினருக்குப் போயிடும். '8080:80' எண்டு எழுதினால் எல்லா முகவரியிலும் திறந்ததுதான். '127.0.0.1:8080:80' எண்டு எழுதினால் மிசினுக்குள்ள மட்டும். முன்னால கேடி (Caddy) மாதிரி, வெளி வேண்டுகோளை வாங்கி உள்ள குடுக்கிற ஒரு புரொக்ஸி இருந்தால், அதுக்கு மட்டும் 80, 443. மற்ற எல்லாத்துக்கும் போர்ட் வரியே வேண்டாம்.

"நாங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால இருக்கிறம், வெளியில இருந்து ஆர் வாறது?" எண்டு ஒருவர். சிஜிநாட் எண்டால் இணைப்புத் தாற கொம்பனி ஒரு பொது ஐபிவி4 முகவரியைக் கன வீடுகளுக்குப் பங்குபோடுறது. ஐபிவி4 இல சரி. ரூட்டருக்கு ஐபிவி6 உம் கிடைச்சால் உங்கட லப்ரொப்புக்கு உலகத்தில எங்கயிருந்தும் எட்டக்கூடிய முகவரி இருக்கும். பிறகு ரூட்டரின்ர ஐபிவி6 பயர்வோல் மட்டும்தான் காவல். அது பூட்டியிருக்கோ எண்டு போன் டேட்டாவில இருந்து சோதியுங்கோ.

சிஜிநாட்டோ எண்டு அறிய: ரூட்டரின்ர வெளிப் பக்கத்து (WAN) ஐபி 100.64 இல இருந்து 100.127 வரைக்குள்ள இருந்தால் ஓம். அல்லது அது இணையத்தளங்கள் காட்டுற உங்கட ஐபியோட ஒத்துப்போகாட்டிலும் ஓம்.

யூன் 21

சிஜிநாட் எண்டால் போர்ட் போவேர்டிங் சரிவராது. ரெண்டு வழியைப் பிரிச்சுப் பாவியுங்கோ.

வெப்சைற்றுக்குக் கிளவுட்ஃபிளேர் கொம்பனியின்ர டனல். லப்ரொப்பில இருந்து வெளிப்பக்கமாத்தான் இணைப்புப் போகுது, அதால ரூட்டரில ஒண்டும் திறக்கத் தேவையில்லை. டொமைனின்ர நேம்சேர்வரை அவையிட்டை மாத்தோணும். அவ்வளவுதான்.

படச் செயலியை அதே டனலால விடாதேங்கோ. இலவசத் திட்டத்தில ஒரு அப்லோட் வேண்டுகோள் 100 எம்பியைத் தாண்டேலாது. படங்கள் போகும், கலியாண வீட்டு வீடியோ பாதியில 413 எண்டு நிக்கும், ஆக்கள் செயலியைத்தான் பேசுவினம். அதுக்கு ரெய்ல்ஸ்கேல் அல்லது சொந்த வயர்காட் (ரெண்டும் விபிஎன் எண்ட தனிப் பாதை). வீட்டு ஆக்களின்ர போனில போட்டுவிட்டால் போதும், பொதுவெளியில திறக்கவே தேவையில்லை.

சொந்த வயர்காட் எண்டால் வெளியில ஒரு சின்ன விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கிற இணையச் சேர்வர்) வேணும். லப்ரொப் பக்கத்தில பெர்சிஸ்ரன்ட் கீப்அலைவை 25 ஆக வையுங்கோ, இல்லாட்டி சிஜிநாட் கொஞ்ச நேரத்தில பாதையை மறக்கும். எம்ரியூவிலயும் (ஒரு பக்கெற்றின்ர அதிகூடின அளவு) கவனம். டொக்கர் வலையின்ர எம்ரியூ 1500, வயர்காட்டின்ரது 1420. பிங் போகும், சின்னப் பக்கம் வரும், எச்ரிரிபிஎஸ் மட்டும் தொங்கும் எண்டால் முதல்ல இதைப் பாருங்கோ. டொக்கர் வலைக்கு 1420 அல்லது அதிலும் குறைச்சு வைச்சால் சரிவரும்.

எச்ரிரிபிஎஸ் சான்றிதழ்: சிஜிநாட்டுக்குப் பின்னால லெட்ஸ் என்கிரிப்ட் (இலவசச் சான்றிதழ் தாற அமைப்பு) 80 ஆம் போர்ட்டை எட்டேலாது. டிஎன்எஸ் வழிச் சோதனையைப் பாவியுங்கோ. கேடியின்ர /டேட்டா போல்டரை வொலியூமில வைக்காட்டி கொன்ரெயினரைப் புதுசா உருவாக்கிற ஒவ்வொருமுறையும் புதுச் சான்றிதழ் கேக்கும். ஒரே டொமைன் பெயர்க் கூட்டத்துக்கு 7 நாளில 5 தான். ஆறாவது தரம் கதவு பூட்டு. பரீட்சிக்கிறதெண்டால் அவையின்ர ஸ்ரேஜிங் சேர்வர் இருக்கு.

யூன் 22

டொக்கர் ஹப்பில (இமேஜ் எண்ட ஆயத்தச் செயலிப் பொதிகள் இருக்கிற களஞ்சியம்) ஒண்டும் இறக்கேலாமல் 'ரூ மெனி ரிக்குவெஸ்ற்ஸ்' வருது, இண்டைக்கு ஒரு இமேஜ்கூட இறக்கேல்லையே எண்டு சுன்னாகத்தில இருந்து ஒருவர். அதுவும் சிஜிநாட்தான். லொகின் செய்யாமல் இறக்கிறவைக்கு ஒரு ஐபிவி4 முகவரிக்கு 6 மணித்தியாலத்தில 100. அந்த முகவரியை உங்களோட சேர்த்து எத்தினையோ வீடு பாவிக்குது. இலவசக் கணக்கொண்டு திறந்து 'டொக்கர் லொகின்' செய்யுங்கோ, உங்கட பங்கு தனியாகும்.

வகுப்பறை, அலுவலகம் எண்டு பத்து மிசின் இருந்தால் ஒரு மிசினில ரெஜிஸ்ரி இமேஜைப் புரொக்ஸியா ஓடவிட்டு, மற்ற மிசின்களின்ர டேமன்.ஜேசனில (டொக்கரின்ர செற்றிங் பைல்) அதை ரெஜிஸ்ரி மிரராக் காட்டுங்கோ. ஒருக்கா இறக்கினது எல்லாருக்கும் வரும். டேட்டா பக்கேஜும் தப்பும்.

யூலை 2

இப்ப கரண்ட். 2022 இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினதை ஆரும் மறந்திருக்கமாட்டியள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறையில குரங்கொண்டு உபமின்நிலையத்துக்குள்ள பூந்து முழு நாடும் இருண்டது. குரங்குக்கு அன்சிபிள் பிளேபுக் (எழுதிவைச்ச வேலைப் பட்டியல்) இல்லை, அதால மிசின் பக்கத்தில ஆயத்தம் வேணும்.

லப்ரொப்புக்குப் பற்றரி இருக்கு. ரூட்டருக்கும் ஓஎன்ரிக்கும் (பைபர் வந்து சேருற பெட்டி) இல்லை. அதுகளுக்கு 12 வோல்ட் டிசி மினி யூபிஎஸ் போதும், ஆனா அடாப்டரில வோல்ட் எவ்வளவு எண்டு வாசிச்சுப்போட்டு வாங்குங்கோ, 9 வோல்ட் ரூட்டரும் இருக்கு. சாதாரண 650 விஏ யூபிஎஸ்ஸுக்குள்ள இருக்கிறது அனேகமா 12 வோல்ட் 7 ஆம்பியர்மணி பற்றரி, அதாவது 84 வோட்மணி. இன்வேட்டர் இழப்பும் பற்றரி வயசும் கழிச்சால் பாதி வரும் எண்டு எடுங்கோ. 30 வோட்ஸ் சுமைக்கு ஒரு மணித்தியாலம் தாண்டினால் லாபம்.

பற்றரி 25 வீதத்துக்குக் கீழ வந்தால் மிசினை ஒழுங்கா நிப்பாட்ட ஒரு சிஸ்ரம்டி ரைமர் வையுங்கோ. நிப்பாட்டேக்க டொக்கர் ஒவ்வொரு கொன்ரெயினருக்கும் சிக்ரேர்ம் (நிப்பாட்டு எண்ட சிக்னல்) அனுப்பி 10 செக்கன் பாக்கும், பிறகு கொல்லும். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு ஸ்ரொப் கிரேஸ் பீரியட் 1 நிமிசம் குடுங்கோ. நோட்டை 'என்பிஎம் ஸ்ரார்ட்' வழியா ஓட்டினால் சிக்னல் ஒழுங்கா உள்ள போகாமல் விடலாம், நேரடியா நோட்டையே ஓட்டி 'இனிட்: ட்ரூ' போடுங்கோ.

நிண்ட மிசின் கரண்ட் வந்தால் தானா எழும்பாது, அதுதான் லப்ரொப்பின்ர கரைச்சல். சிலதின்ர பயொஸில சார்ஜர் வந்தால் எழும்பு எண்டு ஒரு செற்றிங் இருக்கு. திங்பாட்டிலயும் டெல்லிலயும் தேடிப்பாருங்கோ. இல்லாட்டி ஆர்ரிசிவேக் கட்டளையால நிப்பாட்டுங்கோ. 4 மணித்தியாலம், அதாவது 14400 செக்கன் கழிச்சு எழும்பு எண்டு சொல்லி அணைக்கலாம். எழும்பிப் பாத்து இன்னும் கரண்ட் இல்லையெண்டால் அதே ரைமர் திருப்பி அணைக்கும். எல்லாப் பயொஸும் இதுக்கு இணங்காது, 5 நிமிசம் வைச்சு முதல்ல சோதியுங்கோ.

யூலை 3

மேல எழுதினதுக்கு ஒட்டு. ராஸ்பெரி பை எண்ட சின்னக் கொம்பியூற்றர் வைச்சிருக்கிறவைக்கு: பை 4 க்குள்ள மணிக்கூட்டுப் பற்றரி இல்லை. கரண்ட் வந்து, இன்ரநெற் இன்னும் வராட்டி மிசின் பழைய நேரத்தில நிக்கும், சான்றிதழ் எல்லாம் செல்லாது எண்டு சொல்லும். பை 5 இல கடிகாரம் இருக்கு, பற்றரி தனியா வாங்கோணும். 'எக்செக் போர்மட் எரர்' வந்தால் இன்ரெல் மிசினில கட்டின இமேஜை ஆம் (ARM) சிப்பில ஓட்டுறியள்.

வெளி ஹாட்டிஸ்க் பூட்டியிருக்கிற ஆக்கள் இதைக் கவனமா வாசியுங்கோ. யூஎஸ்பி டிஸ்க் எழும்ப முதல் டொக்கர் எழும்பினால், மாட்டவேண்டிய போல்டர் உள் டிஸ்க்கில வெறுமையாக் கிடக்கும். செயலி அதில புதுசாத் தொடங்கும். வீட்டில எல்லாரும் படம் முழுக்க அழிஞ்சுபோச்சு எண்டு கத்துவினம். ஒண்டும் அழியேல்லை, டிஸ்க் மேல மாட்டினவுடன திரும்பி வரும். தடுக்க ரெண்டு வேலை. டொக்கர் சேவைக்கு 'ரிக்குவயர்ஸ் மவுண்ட்ஸ் போர்' எண்டு அந்தப் பாதையை எழுதுங்கோ. கொம்போஸில வொலியூமை நீட்டு வடிவத்தில எழுதி 'கிரியேற் ஹோஸ்ற் பாத்' எண்டதைப் பொய் ஆக்குங்கோ. போல்டர் இல்லாட்டி கொன்ரெயினர் தொடங்காது, அதுதான் வேணும். போல்டர் இருந்தும் வெறுமையா இருந்தால் இது பிடிக்காது. அதால மவுண்ட் ஆகிற இடத்தையே குடுக்காமல் டிஸ்க்குக்கு உள்ள இருக்கிற ஒரு உபபோல்டரைக் குடுங்கோ.

யூலை 19

எஸ்எஸ்டி நிரம்பிப்போச்சு, படம் 40 ஜிபிதானே எண்டு கேள்வி கேட்டவரே திரும்ப வந்திருக்கிறார். லொக். கொன்ரெயினர் எழுதிற பதிவுகள்தான் லொக், டொக்கரின்ர வழமையான ஜேசன் லொக்குக்கு எல்லை இல்லை. டேமன்.ஜேசனில 'மக்ஸ் சைஸ்' 10 எம்பி, 'மக்ஸ் பைல்' 3 எண்டு வையுங்கோ. அது இனி உருவாக்கிற கொன்ரெயினருக்குத்தான் செல்லும், பழசை ரீஸ்ரார்ட் பண்ணினால் போதாது, 'போர்ஸ் ரீகிரியேற்' வேணும்.

 

யூலை 20

பக்கப் இரவு ரெண்டு மணிக்கு வைச்சது, காலமை ஏழரைக்கு ஓடுது, இரவு டேட்டா முடிஞ்சு பகல் டேட்டாவில போகுது எண்டு வேற ஒருவர். கொன்ரெயினருக்குள்ள நேரம் யூரிசி (உலகப் பொது நேரம்). கொழும்பு நேரம் அஞ்சரை மணித்தியாலம் முன்னுக்கு. ரிஇசட் மாறியில ஏசியா/கொலம்போ போடுங்கோ. அல்பைன் (சின்ன லினக்ஸ்) இமேஜ் எண்டால் அதுவும் காணாது, ரிஇசட்டேட்டா பொதியையும் நிறுவோணும். இல்லாட்டி பிழையும் காட்டாமல் யூரிசியிலயே நிக்கும். இதைவிடச் சுகம், பக்கப்பைக் கொன்ரெயினருக்கு வெளியில லப்ரொப்பின்ர சிஸ்ரம்டி ரைமரில வைக்கிறது.

பக்கப் எண்டால் ஓடுற டேட்டாபேஸின்ர போல்டரைக் கொப்பி அடிக்கிறதில்லை. பிஜி-டம்ப் (போஸ்ட்கிரெஸ்ஸின்ர பிரதி எடுக்கிற கட்டளை) எடுத்து அதை ரெஸ்டிக் எண்ட பக்கப் கருவிக்குக் குடுங்கோ. டம்பை அமுக்காமல் குடுங்கோ. அமுக்கினால் ஒரு வரி மாறினாலும் பைல் முழுக்க மாறி, ரெஸ்டிக்கால மாறாத துண்டுகளை விலத்தேலாமல் போகும். ரெஸ்டிக் தானே அமுக்கும். 7 நாள், 4 கிழமை எண்டு வைச்சு மிச்சத்தைக் கழிக்கலாம். ரெஸ்டிக்கின்ர பாஸ்வேர்டை லப்ரொப்பில மட்டும் வைச்சால் லப்ரொப்போட பக்கப்பும் போச்சு.

ஓகஸ்ட் 10

அன்சிபிள். இப்பதான் நேரம், ஏனெண்டால் இதுவரைக்கும் மேல சொன்னதுகளைக் கையால செய்துபோட்டியள், என்ன செய்தது எண்டும் ஞாபகம் இருக்கு.

லப்ரொப்பில ஒண்டும் நிறுவத் தேவையில்லை, எஸ்எஸ்எச்சும் பைதனும் போதும். அன்சிபிள் இருக்கவேண்டியது உங்கட வேலை மிசினில. அது வின்டோஸ் எண்டால் டபிள்யூஎஸ்எல்லுக்குள்ள (வின்டோஸுக்குள்ள ஓடுற லினக்ஸ்). பிளேபுக்கில இவ்வளவு: டொக்கர் களஞ்சியமும் பொதிகளும், டேமன்.ஜேசன், மூடி செற்றிங், பற்றரி ரைமர், டிஸ்க் மவுண்ட், கொம்போஸ் பைல்கள், பக்கப் ரைமர். பாஸ்வேர்டுகள் அன்சிபிளின்ர பூட்டுப் பெட்டியான வோல்ட்டில (Vault). 100, 150 வரிக்குள்ள முடியும். ரோல், கலெக்சன் எண்டு போல்டர் மேல போல்டர் கட்டவேண்டாம்.

ஷெல் மொடியூலை இயண்டளவு தவிருங்கோ. அது ஒவ்வொருதரமும் 'மாறினது' எண்டு சொல்லும், பிறகு உண்மையா மாறினது எது எண்டு தெரியாது. கொம்போஸுக்கு டொக்கர் கலெக்சனில கொம்போஸ் வி2 மொடியூல் இருக்கு. ஓட்ட முதல் 'செக்', 'டிஃப்' ரெண்டையும் போட்டுப் பாருங்கோ. ரெண்டாந்தரம் ஓட்டேக்க மாற்றம் பூச்சியம் எண்டு வரோணும். வராட்டி பிளேபுக் இன்னும் முடியேல்லை.

பிறகு பழைய கொம்பியூற்றர் ஒண்டை, கிடைக்காட்டி ஒரு வேர்ச்சுவல் மிசினைப் பிடிச்சு வெறும் டெபியனில பிளேபுக்கை ஓட்டி, ரெஸ்டிக்கில இருந்து மீட்டு, வெப்சைற் வருதோ பாருங்கோ. விட்டது எல்லாம் அப்ப தெரியும். வழமையா விடுறது போல்டர் உரிமைதான்: கொன்ரெயினருக்குள்ள யூசர் 1000, வெளியில ரூட்.

ஓகஸ்ட் 11

யோசிச்சுப் பாத்தால் யூன் 21 இல டனலைப் பற்றிச் சொன்னது வேலை செய்யும், ஆனா அந்த வெப்சைற் உங்கட வீட்டில இருக்கத்தான் வேணுமோ? காசு வாங்கிச் செய்யிற ரியூசன் சைற், பெறுபேறு போடுற அண்டைக்குத் திருநெல்வேலியில கரண்ட் நிண்டால் கதை முடிஞ்சுது. வீட்டு லப்ரொப்பில சோதனைப் பிரதியை வையுங்கோ, உண்மையானதை மும்பையிலயோ சிங்கப்பூரிலயோ ஒரு 2 ஜிபி விபிஎஸ்ஸில வையுங்கோ. அதே கொம்போஸ் பைல், அதே பிளேபுக், இன்வென்ரரியில (அன்சிபிளின்ர மிசின் பட்டியல்) ஒரு வரி கூட. படங்கள் வீட்டிலயே இருக்கட்டும், அதுக்கு விபிஎஸ்ஸில டிஸ்க் விலை கட்டாது.

இமேஜைக் கட்டுறதையும் விபிஎஸ்ஸில செய்யாதேங்கோ, 2 ஜிபியில நோட் பில்ட் மூச்சு வாங்கும். வேலை மிசினில கட்டி அனுப்புங்கோ. டொக்கர்பைலில (இமேஜ் கட்டுற குறிப்பு) முதல்ல பக்கேஜ் ஜேசன், பக்கேஜ்-லொக் (lock) பைல் ரெண்டையும் மட்டும் கொப்பி பண்ணி, பொதிகளை நிறுவுற 'என்பிஎம் சிஐ' ஓட்டி, அதுக்குப் பிறகு மிச்சக் கோட். ஒரு எழுத்து மாத்தினதுக்கு முழுப் பொதியையும் திருப்பி இறக்கிறது இந்த வரிசை பிழைச்சாத்தான். டொக்கர்இக்னோரில நோட் மொடியூல்ஸ், கிட், என்வ் மூண்டும் கட்டாயம்.

ஓகஸ்ட் 24

விசயம் வேற பக்கம் போகுது, ஆனா தேவையானது. மாணவர் அறிக்கையைப் பிடிஎப் ஆக்கினால் தமிழ் எல்லாம் பெட்டி பெட்டியா வருது, சொந்த மிசினில நல்லா வருது. ஸ்லிம் (சுருக்கின) இமேஜில தமிழ் எழுத்துரு இல்லை. டெபியன் ஸ்லிம்மில பொன்ட்ஸ்-நோட்டோ-கோர் அல்லது பொன்ட்ஸ்-லோகிற்-ரிஏஎம்எல், அல்பைனில பொன்ட்-நோட்டோ-தமிழ். பெட்டி போய், 'கொ' எழுத்தில கொம்பும் காலும் இடம் மாறி வந்தால் அது எழுத்துருப் பிரச்சினை இல்லை, அந்தப் பிடிஎப் நூலகத்துக்குத் தமிழைக் கோக்கத் தெரியாது. குரோமியம் வழியா அச்சடிச்சால் சரியா வரும். இமேஜ் பெருக்கும், வேற வழி இல்லை.

மாணவர் பெயரைத் தமிழ் அகரவரிசையில அடுக்க போஸ்ட்கிரெஸ்ஸில 'ரிஏ-எக்ஸ்-ஐசியூ' கொலேசன் (அடுக்கிற ஒழுங்கு) இருக்கு. அந்த வினவலில மட்டும் போட்டால் காணும்.

ஒக்ரோபர் 5

போஸ்ட்கிரெஸ் 18, 2025 செப்ரெம்பரில வந்துது. யூன் 11 குறிப்பில குடுத்த வொலியூம் பாதை 17 வரைக்கும்தான். 18 இமேஜில கடைசி 'டேட்டா' இல்லாமல் மேல் போல்டரில மாட்டோணும், உள்ள பதிப்பு எண்ணில தானே போல்டர் போடும். பழைய பாதையிலயே மாட்டினால் சரிவராது.

ஏத்திறதெண்டால்: நோட்டை நிப்பாட்டி, பழைய கொன்ரெயினரில 'பிஜி-டம்ப்-ஓல்' எடுத்து, புதுப் பெயரில ஒரு வெறும் வொலியூமோட 18ஐ எழுப்பி, அதுக்குள்ள டம்பை ஊத்தி, நோட்டைப் புதுசோட பொருத்துங்கோ. பழைய வொலியூமை ஒரு மாசத்துக்குத் தொடாதேங்கோ. 16 இல இருக்கிறவைக்கு அவசரமும் இல்லை, 2028 நவம்பர் வரைக்கும் அதுக்குத் திருத்தம் வரும்.